பள்ளக்கொல்லைக்கு வந்த புதுப் பெயர்

1995, ஐப்பசி, வியாழக்கிழமை. நான் சொல்ல மகள் எழுதுகிறாள்.

பம்பாய் கம்பெனிக்காரர்கள் இரண்டாவது தலைமை ஆபீசுக்கு இடம் பார்க்க வானகரம் வந்தார்கள். புரோக்கர் கோவிந்தன் பள்ளக்கொல்லையை மேட்டுக்கொல்லை என்று சொல்லிக் காட்டினான்.

"மழைத்தண்ணி நிக்குமா பெரியவரே?" என்று அதிகாரி என்னைக் கேட்டார்.

அங்கே இடுப்பளவு தண்ணீரில் எருமையை இழுத்து வந்தவன் நான். ஆனால் மகனுக்கு வாட்ச்மேன் வேலை தருவதாகப் பேச்சு. "நிக்காது சார்" என்றேன். அதை எழுதி அவர் நீட்டிய தாளில் கைநாட்டும் வைத்தேன்.

கார் போனதும் கோவிந்தன் சிரித்தான். "உன்னைக் கேட்டா நைனா முடிவு பண்றாங்கோ? மொதலாளி மருமவன் ஊடு அண்ணா நகர்ல கீது. அதுக்குக் கிட்டக்க இருக்குதுன்னு போன மாசமே இந்த எடத்த முடிச்சிட்டாங்கோ."

"அப்ப எனக்கு இன்னாத்துக்குடா கைநாட்டு?"

"வெள்ளம் வந்தா, ஊர்ப் பெரியவர் சொன்னாருன்னு காட்டத்தான்."

சீ. மகன் காக்கிச் சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டு வந்து சாப்பிடுகிறான். இதை அவனுக்குப் படித்துக் காட்டாதே என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன்.