பதினான்கும் உன் பக்கம், காதர்

என் அன்பு மச்சான் காதர்,

1962 ஆகஸ்ட் 11, சனிக்கிழமை, மாலை நான்கு மணி இருபது நிமிடம். ஹைட்ரஜன் பதினான்கு. மூன்று தடவை எண்ணிவிட்டேன்.

சிங்கப்பூரிலிருந்து நம் பேராசிரியர் அனுப்பிய வரைபடம் இன்று வந்தது. உன் அத்தா கடையில் விற்கும் செக்கூர் என்கிற கச்சோலக் கிழங்கிலிருந்து நாம் பிரித்தெடுத்தோமே வெள்ளைப் படிகம், அதை இங்கிலாந்தில் பெரிய காந்தத்துக்கு நடுவில் வைத்து, ரேடியோ அலை செலுத்திப் பதிவு செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு வகை ஹைட்ரஜனும் தனக்குரிய இடத்தில் முகடாக எழுகிறது. முகட்டின் பரப்பு எத்தனை ஹைட்ரஜன் என்று சொல்கிறது. பக்கத்துக் கார்பனில் ஹைட்ரஜன் இருந்தால் முகடு பிளக்கும். பக்கத்தில் யாரும் இல்லாதது ஒற்றையாக நிற்கும். உனக்கே இதை விளக்குகிறேன் பார். வேறு யாரிடம் சொல்ல?

முதலில் கண்ணில் பட்டது ஓர் ஒற்றை முகடு. இந்தப் படிகத்தில் உண்டென்று உன்னிடம் நான் சாதித்த அசிட்டைல் தொகுதி வரும் அதே இடம். ஜெயித்துவிட்டேன் என்று உன் மேசைப் பக்கம் திரும்பினேன். பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஆளில்லை. உன் மேசையில் பாரம் ஒன்று வகுப்பு மாணவர்களின் நோட்டுகள் கிடந்தன.

பிறகு பரப்பை அளந்தேன். அசிட்டைல் என்றால் மூன்று வர வேண்டும். ஒன்றுக்கு மேல், இரண்டுக்குக் கீழ் எங்கேயோ நின்றது. அதை ஒதுக்கிவிட்டு மீதியைக் கூட்டினேன். மூலக்கூறில் இருக்க வேண்டிய அதே பதினான்கு. அவற்றில் ஒரு முகடு நான்காகப் பிளந்திருக்கிறது, இன்னொன்று மூன்றாக. எத்தில். நீ சொன்ன எத்தில் எஸ்டர்.

அந்த ஒற்றை முகடு அசிட்டோன், மச்சான். படிகத்தை நான் கழுவிய அசிட்டோன்.

"இன்னும் ரெண்டு நாள் காயட்டும்டா. மூக்கை வச்சுப் பாரு, வாடை அடிக்குது," என்றாய், அதை அனுப்பிய அன்று.

"உங்க கடை மிளகாயா இது, பாயில போட்டுக் காய வைக்க? தபால் இன்னிக்குப் போவுது."

"மிளகாய்க்கு இருக்கிற பொறுமைகூட உனக்கு இல்ல."

அதோடு பேச்சு நின்றது. மூன்று வாரம். அப்புறம் உனக்குக் காய்ச்சல், மூன்றே நாள். நான் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. வந்திருந்தால் திட்டியிருப்பாயா?

உன் நாற்பதாம் நாள் ஓதலில் அத்தா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "உங்களுக்குள்ள என்னப்பா சண்டை? கடைசி வரைக்கும் அவன் சொல்லல."

"அவன் சொன்னது தப்பு மாமா. ஒத்துக்க மாட்டேன்னான்."

அவர் என் தட்டில் இன்னும் கொஞ்சம் நெய்ச்சோறு வைத்தார். "சின்னதுலேர்ந்தே பிடிவாதம் தம்பி. அவனுக்காக நான் கேட்டுக்கறேன், மன்னிச்சுடு."

நான் தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டேன், காதர். மகனைப் புதைத்த மனிதரை மன்னிப்புக் கேட்கவைத்துவிட்டுச் சாப்பிட்டேன்.

இனிச் செய்யப் போவது:

1. நாளை மாலை அஸர் தொழுகை முடிந்ததும் ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் உன் அத்தா கடைக்குப் போவேன். வரைபடத்தை மாமா முன் விரித்து, பதினான்கையும் விரல் வைத்து எண்ணிக் காட்டுவேன். அவர் கேட்ட மன்னிப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நான் கேட்க வேண்டிய மன்னிப்பைக் கேட்பேன்.

2. பேராசிரியருக்கு எழுதுவேன்: அமைப்பைச் சரியாகச் சொன்னது காதர், அசிட்டோன் என்னுடையது.

3. மிச்சப் படிகத்தை உன் மேசையில் இரண்டு நாள் காய வைப்பேன். தொட மாட்டேன்.

உன் மச்சான்,
செல்வம்
காஜா பெராங், மலாக்கா