மிஷின் நின்ற வரிகள்

ஜூன் 3

இன்று ஒரு வரியை அழிக்காமல் எழுதிவிட்டேன்! "எழுத்து நல்லா உருண்டையா வருதே" என்றார் முதியோர் வகுப்பு டீச்சர். மூட்டை தூக்கிய கைக்கு இது போதாதா? வழியெல்லாம் கடைப் பலகைகளை வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தேன். எதிரே வந்தவர் ஒதுங்கிப் போனார்.

ஜூன் 5

மகளைப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். எட்டாம் மாதம் தொடங்கிவிட்டது. மருமகன் கப்பலில்; அடுத்த மாதம்தான் வருவார்.

நர்ஸ் சொன்னார்: "வயிறு இறுகிப் பிடிக்கும். தண்ணி குடிச்சு, கொஞ்சம் படுத்தா விட்டுடும். அது பொய் வலி. விடாம, சீரா வந்துகிட்டே இருந்தாலோ, நீர் கசிஞ்சாலோ, நாள் இருக்கேன்னு வீட்ல உக்காந்துடாதீங்க. சீக்கிரம் வந்தாதான் பிள்ளையோட நுரையீரல் பலப்பட தாய்க்கு ஊசி போட நேரம் கிடைக்கும்."

வீட்டுக்கு வந்ததும் பை கட்டினேன். துணி, மருத்துவச் சீட்டு, சார்ஜர். "ஆஸ்பத்திரி" என்று எழுதி மேலே ஒட்டினேன். வேர்த்துவிட்டது. மகள் சிரிக்கிறாள்: "இனி பை தொலைஞ்சாக்கூட அதுவே போய்ச் சேந்துடும்பா."

ஜூன் 9

டாக்சிக்கார ஊதலிடம் சொல்லி வைத்தேன். ஹாரனிலிருந்து கையை எடுக்கவே மாட்டார், அதனால் ஊதல். "ஒரு போன் போடுங்க பெரியவரே, பறந்துடுவோம்."

ஜூன் 12, காலை

பக்கத்து அறையில் மகள் பள்ளிச் சீருடை தைக்கிறாள். நான் எழுதுகிறேன். மிஷின் நின்றது. "என்னம்மா?" "நூல் அறுந்துபோச்சுப்பா."

ஓடுகிறது. இரண்டு வரி எழுதினேன். மறுபடி நின்றது. மறுபடியும் நூலாம்.

இன்னும் இரண்டு வரி. நின்றது.

நூல் அளந்து வைத்தாற்போலவா அறும்?

தண்ணீர் கொடுத்து, படுக்கச் சொன்னேன். "உக்காந்தே இருந்ததுல இடுப்பு வலிப்பா. பொய் வலிதான். இன்னும் பத்து சட்டை கிடக்கு." படுத்துவிட்டாள்.

கதவுக்கு வெளியே உட்கார்ந்து எழுதுகிறேன். மிஷின் இல்லை, மூச்சுதான் கேட்கிறது. பிடிக்கிறாள். விடுகிறாள். இரண்டு வரிக்கு ஒரு தடவை வந்தது இப்போது ஒரு வரிக்கே வருகிறது. என் கைதான் மெதுவாகிவிட்டதோ? இதற்கு மேல் மெதுவாக எழுத யாராலும் முடியாது.

படுத்தும் விடலையே. நீர் கசியுதான்னு மககிட்ட எப்படிக் கேக்கறது? அவ அம்மா இருந்தா கேட்டிருப்பா —

கேட்டுட்டேன். முகத்தைத் திருப்பிக்கிட்டா. "காலைலேர்ந்துப்பா. சட்டையை முடிச்சிடலாம்னு..."

ஊதலுக்குப் போன்

ஜூன் 13

ஊசி போட்டாயிற்று. வலியைத் தள்ளிப்போடப் பார்க்கிறார்கள்.

ஜூன் 15

பேத்தி. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறாள். என் கைக்கு ஒரு முழம்கூட இல்லை. பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டை நானே படித்தேன். பெண் என்று இருந்தது. எடையும் இருந்தது, அதை இரண்டாம் தடவை படிக்கவில்லை.

ஜூன் 24

குழாய் இல்லாமல் மூச்சு விடுகிறாள்.

ஜூலை 29

மருமகன் சமையலறையில் பாத்திரத்தை உருட்டுகிறார். மிச்சம் கிடந்த சீருடைகளை மகள் இன்றுதான் எடுத்தாள். மிஷின் சத்தம் கேட்டு நாளாயிற்று. நானும் பேனாவை எடுத்துக்கொண்டேன். இதோ, இந்த வரியில் மிஷின் நின்றது.

எழுந்து ஓடினேன். ஒரு செருப்பு வழியிலேயே கழன்றுவிட்டது.

"என்னப்பா இப்படி ஓடி வர்றீங்க? உங்க பேத்திக்குப் பசி."

திரும்பி வந்து உட்கார்ந்தேன். அடுத்த வரிக்கு அவசரமில்லை.