மங்கம்மாவின் இடது கட்டைவிரல்

3-2-2003, திங்கள்

பனி. கம்பளியை விட்டு வெளியே வர மனசில்லை. மூட்டு வலி, வழக்கம்போல். தைலம் தீர்ந்தது, சொல்லணும்.

பக்கத்துக் கட்டில் மங்கம்மா இன்றைக்கும் மாத்திரை போடவில்லை. முதியோர் பென்ஷன் மூன்று மாசமாக வரவில்லையாம். சர்க்கார் நிறுத்திவிட்டது என்று இந்த முதியோர் இல்லத்தில் எங்களைக் கவனித்துக்கொள்ளும் சுசீலா சொன்னாளாம். மங்கம்மா கம்மலைக் கழற்றி அவளிடமே கொடுத்துவிட்டாள், விற்று மாத்திரை வாங்க. நாற்று நட்டு, களை பறித்துச் சேர்த்த கம்மல். வேறு சொத்து கிடையாது. சுசீலா ஐயங்கார்குளத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறாள். அப்படியே காஞ்சிபுரத்தில் விற்றுவிட்டு வருவாளாம்.

ஒரு உறுத்தல். மாசாமாசம் சுசீலா நீட்டும் பென்ஷன் மணியார்டர் தாள்களில் கைநாட்டுக்குச் சாட்சி நான்தான். பெயர் பார்ப்பதில்லை. கூடவே ஸ்ட்ராங்காக ஒரு காபி வரும். மங்கம்மா தாள் அதில் இருந்ததா? ஞாபகம் இல்லை.

4-2, செவ்வாய்

சுசீலா இல்லாததால் தபால்காரர் வாசல் கேட்டோடு நிற்காமல் உள்ளே வந்தார். மங்கம்மாவுக்கு மணியார்டர்! இடது கட்டைவிரல் கேட்டார். அவள் வலது கையை நீட்டினாள். இடது என்றார் மறுபடி.

"அது ஏது நைனா? கதிர் அறுக்கசொல்ல அருவா வாங்கிக்கினு பூட்ச்சி."

காட்டினாள். பாதி விரல்தான்.

தபால்காரர் முகம் வெளுத்தது. மூன்று மாசமும் முழு ரேகை விழுந்திருந்ததாம். தாளைச் சுசீலா உள்ளே கொண்டுபோய் நாட்டு வைத்து வருவாள், இவர் கேட்டிலேயே பணத்தைக் கொடுத்துவிடுவார். சாட்சி நீங்கள்தானே என்று என்னைப் பார்த்தார். போஸ்ட்மாஸ்டரைக் கேட்டு வருகிறேன் என்று பணத்தோடு போய்விட்டார்.

தினம் அந்தக் கையைக் கழுவி விடுகிறவள் சுசீலா. விரலைப் பார்த்ததே இல்லை. ரெண்டு வருஷமாகப் பக்கத்தில் படுத்திருக்கும் நான் மட்டும் பார்த்தேனா? பதினைந்து வருஷம் சத்துணவில் தலை எண்ணி அரிசி போட்டவள் நான்!

5-2, புதன்

சோறு இறங்கவில்லை. மங்கம்மாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன்.

"ஒரு காபிக்கா டீச்சர்?"



6-2, வியாழன்

மதிய பஸ்ஸில் சுசீலா. விற்கப் போன கம்மல் அவள் காதிலேயே! கல்யாணத்துக்குப் போட்டதைக் கழற்ற மறந்திருக்கிறாள். இல்ல நிர்வாகி கூப்பிட்டு விசாரித்தார். நான் கையெழுத்துப் போட்ட கதையை எழுதிக் கொடுத்தேன். தபால்காரரும் கொடுத்தார். சுசீலா அழுதாள். சாயங்காலம் அவள் அண்ணன் சைக்கிளில் வந்து மூன்று மாசப் பணத்தைக் கட்டினான். இதேபோல் அவள் எடுத்த இன்னும் நாலு பேர் பென்ஷனும் வரணும். அவளை வேலையை விட்டு நிறுத்தியாச்சு.

அப்பாடா. ரெண்டு இட்லி கூடவே இறங்கியது. மங்கம்மா மாத்திரை போட்டாள்.

7-2, வெள்ளி

வெயில் நன்றாக. தைலம் வந்தது.

தபால்காரர் போஸ்ட்மாஸ்டரோடு கட்டிலுக்கே வந்தார். வலது கட்டைவிரல் போதுமாம். மங்கம்மா காதில் கம்மல், கையில் பணம். சாட்சிக்கு வேறு யாரையாவது கூப்பிடுங்கள் என்றேன். அவள் விடவில்லை. மை விரலை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"வேற ஆளு இன்னாத்துக்கு? நல்லா பாத்துக்கினு நீயே போடு."

பார்த்தேன். போட்டேன்.