பழைய தொரை கொடுத்த வேலை

இன்று முற்பகல் மேல் மலையில் வெடிச்சத்தம் கேட்டது. காட்டுப் பன்றி இறங்குகிறதென்று காவல்காரன் சுட்டானாம். மற்றப் பெண்கள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. கொழுந்து நிறைந்து கிடக்கிற காலத்தில் எதற்கும் நிமிர மாட்டார்கள். என் கை மட்டும் செடியின் மேல் அப்படியே நின்றுவிட்டது. "என்னக்கா, மேலுக்கு முடியலையா?" என்று பக்கத்து நிரையில் எடுத்துக்கொண்டிருந்தவள் கேட்டாள். குளிர் என்று சொல்லி வைத்தேன். அவள் இந்தத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததே நீங்கள் போன பிறகுதான். அவளிடம் எங்கே தொடங்கிச் சொல்வது? உங்களிடமே சொல்கிறேன். இப்போதுதான் நீங்கள் பாதிப் பேச்சில் எழுந்து போக முடியாது.

பழைய கணக்கப்பிள்ளை குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பல் ஏறியபோது, வேறு ஆள் வரும்வரை அவர் வேலையைப் பார்த்துக்கொள்ளும்படி கங்காணியான உங்களிடம் தொரை சொன்னார். ஆள் வரவே இல்லை. விடியலில் ஆட்கள் கூடுகிற பெரட்டுக்களத்தில் நின்று மலைக்கு ஆள் பிரிப்பது நீங்கள். கொழுந்து நிறுக்கும்போது தராசருகில் நிற்பது நீங்கள். ஏச்சு வாங்குவதும் நீங்கள்தான். சம்பளம் மட்டும் கங்காணிச் சம்பளமாகவே இருந்தது. "பந்தி முழுக்கப் பரிமாறுறது நீங்க, ஒங்களுக்குத்தான் எலை இல்ல" என்று கேலி செய்வேன். நீங்கள் சிரிக்க மாட்டீர்கள். "காக்கிக் கால்சட்டையும் முழங்கால் வரைக்கும் மேசும் போட்டுட்டு வந்து சிரிக்கிறேன் புள்ள" என்றீர்கள் ஒருநாள்.

மேசு என்கிற அந்த நீளக் காலுறை ஒரு சாக்குதான் என்று எனக்குத் தெரியும். வரிசை வீடுகளான லயத்தில் நம் காம்பரா ஒரே ஓர் அறை. அடுப்பும் பிள்ளைகளும் ஈரக் கம்பளியும் எல்லாம் அதற்குள். தொடர்மழைக் காலத்தில் புகை வெளியே போக வழியின்றி மூத்தவனுக்கு இழுப்பு வந்துவிடும். அவனை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு விடியும்வரை இருப்பீர்கள். கணக்கப்பிள்ளை வீட்டுக்குத் தனியாகக் குசினி உண்டு, மேலே புகைக்கூண்டு உண்டு. வேலை முடிந்து வரும்போதெல்லாம் அந்தப் புகைக்கூண்டை ஒருதடவை பார்த்துவிட்டுத்தான் லயத்துப் பக்கம் திரும்புவீர்கள். அதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருக்கும்.

அந்த வருடம் காற்றே சரியில்லை. வெள்ளைக்காரத் தொரைமார் தோட்டங்களை விற்றுவிட்டுப் போகிறார்கள், வாங்குகிற முதலாளிமார் தங்கள் ஆட்களையே கொண்டுவந்து வேலையில் வைக்கிறார்கள் என்று லிந்துலைக் கடைவீதியில் பேச்சாக இருந்தது. நம் தொரையின் பெண்சாதி சீமைக்குப் போனவர் திரும்பவில்லை. பங்களாக் கம்பளங்களைப் பூச்சியுருண்டை போட்டுச் சுருட்டி வைத்தாகிவிட்டது என்று அங்கே சமைக்கிற அப்பு சொன்னார். நாற்றுமேடைக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினார்கள். யாரோ நான்கைந்து பேர் சங்கிலியோடு வந்து மலையை அளந்துவிட்டு, யாரிடமும் பேசாமல் போனார்கள்.

இதெல்லாவற்றையும் விட எனக்குப் பயம் தந்தது ஒன்றுதான். தொரை ஏசுவதை விட்டுவிட்டார். முன்பெல்லாம் கூடையில் ஒரு முற்றல் இலையைக் கண்டால் மலையே அதிரக் கத்துகிற மனுசன், இப்போது கூடைக்குள் பார்ப்பார், ஒன்றும் சொல்லாமல் கைத்தடியை ஊன்றிக்கொண்டு நடந்துவிடுவார். முற்றல் எடுத்தவளுக்கே அன்று சோறு இறங்காது. நீங்களோ அதையும் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டீர்கள். "தொரை எளகிட்டாரு. கேக்குறதா இருந்தா இப்பத்தான் கேக்கணும்" என்றீர்கள்.

கேட்கப் போகிறேனென்று நீங்கள் நாள் பார்த்து வைத்திருந்த அன்று மதியம்தான் பங்களாப் பக்கம் அந்தச் சத்தம் கேட்டது. ஒன்று, கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொன்று. கொழுந்து நிறுக்கப் போனபோது அப்பு வந்து சொன்னார், தொரை தன் இரண்டு நாய்களையும் தன் கையாலேயே சுட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாராம். தாமே தோட்டக்காரனோடு சேர்ந்து சைப்ரஸ் மரத்தடியில் புதைத்ததாகச் சொல்லி அப்பு கண்ணைத் துடைத்தார்.

காம்பராவுக்கு வந்தால் நீங்கள் தலை வாரிக்கொண்டிருந்தீர்கள். தட்டில் எலுமிச்சம்பழமும் பங்களாவுக்கென்று கட்டிய மாலையும் இருந்தன.

"இன்னைக்குப் போகாதீங்க" என்றேன்.

"நாயச் சுட்டதுக்கும் என் வேலைக்கும் என்ன புள்ள?"

"வளத்த நாய ஒருத்தர் தன் கையால சுட்டுப்போட்டா, இனி இங்க இருக்கப்போறதில்லன்னுதானே அர்த்தம்? போற மனுசன்கிட்டப் போயி என்னத்தக் கேக்கப்போறீங்க?"

"போறதுக்கு முன்னாடி கேட்டாத்தானே கெடைக்கும்? புதுசா வாறவனுக்கு என்னையத் தெரியுமா?"

நீங்கள் சொன்னதிலும் ஒரு ஞாயம் இருந்தது. கிளம்பும்போது நெற்றியில் திருநீறு பூசிவிட்டேன்.

போன வேகத்தில் திரும்பி வந்தீர்கள். முகமெல்லாம் வெளிச்சம். பின்வாசலில் நின்ற உங்களைத் தொரை முன்விறாந்தைக்கே கூப்பிட்டு, மாலையை வாங்கிக்கொண்டு, "சரி, நீ கணக்கப்பிள்ளை. திங்கக்கிழமை கணக்கப்பிள்ளை வீட்டுக்குப் போ" என்றாராம். கையைப் பிடித்துக் குலுக்கினாராம். "கேட்டவொடனே குடுத்துட்டாரு" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். அரிசிப் பங்கு கூட்டிக் கேட்டால் ஆறு மாதம் இழுத்தடிக்கிற தொரைத்தனம் கேட்டவுடன் எதையாவது கொடுத்திருக்கிறதா?

கணக்கப்பிள்ளையானால் செக்ரோலில், அந்தத் தொழிலாளர் பெயரேட்டில், பெயர் இருக்கக் கூடாது. பெரட்டில் பெயர் கூப்பிட்டால் பதில் சொல்கிறவர்களுக்குத்தான் செக்ரோல், அவர்களுக்குத்தான் லயத்துக் காம்பரா. மேலே போகிறவர் பெயரை வெட்டிக்கொண்டு, காம்பராவையும் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். சங்கத்தின் தோட்டத் தலைவர் மாரிமுத்து அண்ணன் அன்று மாலையே வந்து வாசலில் குந்திக்கொண்டார்.

"வேலையப் பாருங்க, வேணாங்கல. பேர மட்டும் கொஞ்ச நாளைக்கு வெட்ட விடாதீங்க. தோட்டம் கைமாறுதுன்னு சொல்றாங்க. காம்பராவுல புள்ளைங்களாவது இருக்கட்டும்."

"கணக்கப்பிள்ளை வீட்டுலயும் ஒரு கால், லயத்துலயும் ஒரு காலா? நாளைக்கு எவன் என் பேச்சக் கேப்பான்?" என்றீர்கள்.

"வயித்துக்கு முன்னாடி ரோசம் பாக்குறீங்க."

"இத்தன வருசமும் வயித்தத்தான் பாத்தேன் மாரிமுத்து."

அவர் எழுந்து போய்விட்டார். மறுநாளே ஆபீசுக்குப் போய்ப் பெயரை வெட்டிக்கொண்டு வந்தீர்கள். அதோடு விட்டீர்களா? கணக்கப்பிள்ளை பெண்சாதி கூடை தூக்கினால் ஊர் சிரிக்கும், நீயும் பெயரை வெட்டு என்று என் பிராணனை எடுத்தீர்கள். நான் மசியவில்லை. தீபாவளிக்கு எடுக்கிற சேலையை நானே உழைத்து எடுக்க வேண்டும், அதுவரை போகட்டும் என்றேன். அது வாய்க்கு வந்த பொய். எனக்குச் சேலைப் பைத்தியம் இல்லையென்று உங்களுக்கும் தெரியும். மூன்று நாள் என்னோடு பேசாமல் இருந்தீர்கள்.

அந்த வீட்டில் நாம் நன்றாகத்தான் இருந்தோம். அதைச் சொல்லாவிட்டால் பாவம். மூத்தவன் இருமாமல் தூங்கினான். குசினியில் நின்றுகொண்டு சமைத்தேன். நீங்கள் மேசு போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றபோது, கொக்குக்குக் கம்பளி சுற்றியதுபோல் இருக்கிறது என்றேன். அன்றுதான் சிரித்தீர்கள். ஆனால் நான் சாமான்களை முழுதாக அவிழ்க்கவில்லை. பித்தளைக் குடமும் பெரிய சட்டியும் சாக்குக்குள்ளேயே கிடந்தன.

அந்த மாதம் முடிவதற்குள் தொரை போனார். வழியனுப்பு வைக்க மாலையெல்லாம் சொல்லி வைத்திருந்தீர்கள். அவர் விடியுமுன்பே காரில் ஏறிப் போய்விட்டிருந்தார். இரண்டு நாள் பங்களாவில் விளக்கெரியவில்லை. அப்புறம் கொழும்பு முதலாளியின் ஆள் ஒருவர் மேலாளராக வந்து, பெரட்டுக்களத்தில் நின்று ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தார். உங்கள் காலில் மேசு இருப்பதைப் பார்த்ததும் நின்றார்.

"நீ யாரு?"

"கணக்கப்பிள்ளைங்க."

"யாரு குடுத்த வேல?"

"பழைய தொரைங்க."

"அப்பிடின்னா பழைய தொரைகிட்டயே போயி வேல கேளு. நமக்கு நம்ம ஆள் இருக்கு."

நான் கூடையோடு பெண்கள் வரிசையில் நின்றேன். பழையபடி கங்காணியாகவாவது இருக்கிறேன் என்று நீங்கள் தாழ்ந்து கேட்டதும் என் காதில் விழுந்தது. அதற்கு அவர், "செக்ரோல்ல ஒன் பேரே இல்லையே. பேர் இல்லாதவனுக்கு நான் எப்பிடி வேல குடுக்குறது?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மாரிமுத்து அண்ணன் சங்கத்துக்குச் சொல்லி அனுப்பினார். தொழிலாளிக்குத்தான் நாங்கள் பேசலாம் என்றார்கள். உத்தியோகத்தர் சங்கத்தில் கேட்டால், நீங்கள் இன்னும் தங்கள் ஆள் ஆகவில்லை என்றார்கள்.

செக்ரோலில் என் பெயர் இருந்தது. அந்தப் பெயருக்கு ஒரு காம்பரா கொடுத்தார்கள், கீழ் லயத்தில், ஆற்றோரமாகக் கடைசியில். பின்பாதையால் போய்விடலாம் என்றேன். நீங்கள் கேட்கவில்லை. பட்டப்பகலில், எல்லா லயங்களையும் கடந்து, பித்தளைக் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தீர்கள். வாசல்களில் நின்றவர்கள் உங்களைப் பார்க்காமல் இருக்க உள்ளே போய்விட்டார்கள். அவர்கள் சிரித்திருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

அதன் பிறகு நீங்கள் விறகு பொறுக்கினீர்கள், சோறு வடித்தீர்கள், சின்னவளுக்குத் தலை பின்னக் கற்றுக்கொண்டீர்கள். பெரட்டுக் கொம்பு ஊதும்போது மட்டும் எழுந்து, பழைய கங்காணிக் கோட்டைப் போட்டுக்கொண்டு, அடுப்படியில் உட்கார்ந்துவிடுவீர்கள். ஆட்கள் மலைக்குப் பிரிந்து போன பிறகு அதைக் கழற்றி ஆணியில் மாட்டுவீர்கள். நான் பார்க்காததுபோல் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பேன். ஆத்திரம் வரும் நாட்களில் நன்றாக ஏசுவேன். "நான் கேட்டது பெழ இல்ல புள்ள" என்பீர்கள்.

ஆற்றோரத்து ஈரம் உங்கள் நெஞ்சில் இறங்கியது. அந்த மழைக்காலத்தோடு போய்விட்டீர்கள். தோட்டத்தில் சாவு விழுந்தால் பெட்டிக்குப் பலகையும் குழி வெட்ட ஆளும் ஆபீசில் கொடுப்பார்கள் அல்லவா? கேட்கப் போன மாரிமுத்து அண்ணனிடம், செத்தவர் பெயர் எங்களிடம் இல்லையே என்றார்களாம். பேசிப் பேசிக் கடைசியில் என் பெயரில் கொடுத்தார்கள். பலகையை இறக்கும்போது ஆபீசுப் பையன் என் பெயரைச் சொல்லி, "அவங்க வீட்டு ஆளுக்கு" என்று கத்தினான். உங்கள் பெயரை யாருமே சொல்லவில்லை. பிணத்தருகில் அழாத நான் அப்போதுதான் அழுதேன்.

இத்தனையும் ஏன் சொல்கிறேன் என்றால், போன வாரம் தோட்டத்தில் ஒரு கணக்கெடுப்பு. லயங்களில் இருக்கிறவர்களில் யார் தொழிலாளி குடும்பம், யார் இல்லை என்று பார்க்கிறார்களாம். இல்லாதவர்கள் காம்பராவை விட வேண்டும் என்று பேச்சு. எல்லோரும் எல்லாவற்றுக்கும் "லேபர்" என்று மட்டும் சொல்லுங்கள், வேறு வாய் திறக்காதீர்கள் என்று மாரிமுத்து அண்ணன் வீடு வீடாக வந்து சொல்லிவிட்டுப் போனார். நானும் தலையாட்டினேன். பெரட்டுக்களத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். என் பெயர், பிள்ளைகள் பெயர் எல்லாம் கேட்டுவிட்டு, மேசையில் இருந்தவர் நிமிராமலே உங்கள் பெயரைக் கேட்டார். சொன்னேன்.

"என்ன வேல செஞ்சாரு?"

"கணக்கப்பிள்ளை."

அவர் நிமிர்ந்தார். "இந்தத் தோட்டத்துலயா?"

"இந்தத் தோட்டத்துலதான்."

எழுதிக்கொண்டார். திரும்பி வரும் வழியெல்லாம் மாரிமுத்து அண்ணன் என்னை ஏசிக்கொண்டே வந்தார். உத்தியோகத்தர் குடும்பத்துக்கு லயத்தில் என்ன உரிமை என்று கேட்டால் என்ன பதில் சொல்வாய் என்றார். யார் யாருடைய காம்பரா போகிறது என்று அடுத்த சம்பளத்தன்று சொல்வார்களாம். அன்றிலிருந்து பிள்ளைகள் முகத்தைப் பார்க்கவே பயமாக இருக்கிறது. உங்கள் ரோசத்தை எத்தனை வருடம் வாய் வலிக்க ஏசியிருப்பேன்! அதை எப்போது என்னிடம் விட்டுவிட்டுப் போனீர்கள் என்று தெரியவில்லை. அந்த மனுசன் கேட்டபோது எனக்கு வேறு எந்தப் பதிலும் வாயில் வரவில்லை.