டீ ருசித்த நாள்

செவ்வாய், இரவு.

என் வீட்டுக்காரர் இறந்தபின் இன்றுதான் கம்பெனி தியான வகுப்பில் உட்கார்ந்தேன். "இப்ப என்ன செய்றீங்களோ அத மட்டும் கவனிங்க, மனசு தானா அடங்கும்" என்றார் வகுப்பு எடுத்த அம்மா.

ஷிப்ட் முடிந்து சுங்குவார்சத்திரம் டீக்கடையில் டீ குடிக்கும்போது அப்படியே செய்து பார்த்தேன். டம்ளரின் சூடு, இஞ்சிக் காரம், உதட்டில் நுரை. வேறெதுவும் நினைக்கவில்லை.

"ஏட்டி, இன்னைக்குத்தான் நீ ருசிச்சுக் குடிக்க!" என்று அறைத்தோழி மேரி சந்தோஷப்பட்டாள்.

அப்போதுதான் உறைத்தது. அந்த டீ முடியும்வரை அவர் என் நினைவிலேயே இல்லை. கடை வாசலிலேயே அழுதுவிட்டேன்.

"நான் என்னட்டி தப்பா சொல்லிட்டேன்?" என்று மேரி பதறினாள்.

நாளை வகுப்புக்குப் போகமாட்டேன். மனசு அடங்க வேண்டாம். இந்த வலியாவது என்னோடு இருக்கட்டும்.