சிவசங்கரி மேல் ஒரு பிராது

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வகுப்பில் தேஜஸ்வினி மேடம் ஒரு கேள்வித்தாள் கொடுத்தார். அவருடைய மேற்படிப்புக்கான ஆராய்ச்சியாம்: நர்சிங் மாணவிகள் பரீட்சையில் தேறுவதற்கு எவை எவை காரணம். உறக்கம், உணவு, பெற்றோரின் ஊக்கம், நேரத்தைத் திட்டமிடுதல் என்று வரிசையாகக் கட்டங்கள். மருந்தியலில் அரியர் வைத்திருப்பவளிடம் போய் வெற்றிக்குக் காரணம் கேட்பது, பஸ்ஸைத் தவறவிட்டவளிடம் ஜன்னலோர சீட்டு வசதியாக இருந்ததா என்று கேட்பது மாதிரி. எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்துக் கொடுத்துவிட்டேன்.

செப்டம்பர் கடைசியில் மறுபடி எழுத வேண்டும். இந்த முறையும் போனால் என் செட்டு மூன்றாம் ஆண்டுக்குப் போய்விடும், நான் ஜூனியர்களோடு உட்கார வேண்டியதுதான்.

ஆகஸ்ட் 13, புதன்

மருந்துப் பெயர் எதுவும் மண்டையில் நிற்காத எனக்கு சிவசங்கரி ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள். வகுப்பில் முதல் மார்க் அவள். ஊர் திட்டக்குடி. நான் நல்லூர். காலேஜ் விட்டதும் அவரவர் பஸ்ஸில் ஏறிவிடுவோம். சாயங்காலம் போனில் அவள் நோயாளி, நான் நர்சு. எல்லாப் பாடமும் இப்போது இப்படித்தான்.

இன்று அவள் கால் வீங்கிய தாத்தா. "ஏம்மா, நீ குடுத்த மாத்திரயப் போட்டா ஒண்ணுக்கு வந்துகிட்டே இருக்குது, ராவெல்லாம் தூக்கமில்ல" என்று கரகரத்த குரலில் சண்டைக்கு வந்தாள்.

"யோவ் தாத்தா, காலையில போட வேண்டியத ராத்திரி போட்டா அப்படித்தான்."

ஃபுரோசமைடு, உடம்பில் தேங்கிய நீரை இறக்குகிற மாத்திரை. இனி சாகும்வரை மறக்காது. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

அம்மா செராமிக் கம்பெனியில் பொம்மைகளைப் பெட்டியில் அடுக்குகிறவள். சுலபத்தில் லீவு போடாதவள், இன்று அரைநாள் லீவு போட்டு கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டிவிட்டு வந்திருக்கிறாள். எங்கள் பக்கத்தில் போலீசில் தீராத வழக்கையெல்லாம் அங்கேதான் எழுதிக் கட்டுவார்கள். களவு போன மாடு, ஓடிப்போன புருஷன், வேலித் தகராறு. சாமி விசாரித்துத் தீர்த்துவைக்கும்.

"யாரு மேலம்மா?"

"அந்தத் திட்டக்குடிப் பொண்ணு மேலதான். தாத்தா பாட்டினு போன்ல கெக்கபிக்கனு சிரிச்சிகிட்டு இருந்தா நீ எப்படிப் பாஸாவ? அந்த சகவாசம் வுட்டுப்போவணும்னு எழுதிக் கட்டிட்டேன்."

அது படிப்பும்மா என்றேன்.

"படிக்கிற புள்ள சிரிக்குமா?"

போன் இனி அவள் முந்தானை முடிச்சில்.

ஆகஸ்ட் 20, புதன்

கொளஞ்சியப்பர் இவ்வளவு வேகம் என்று நினைக்கவில்லை. போனைப் பிடுங்கிய கதையைச் சொல்லலாம் என்று போனால், சிவசங்கரி முதல் பெஞ்சுக்கு மாறி உட்கார்ந்திருக்கிறாள். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வேறு கும்பலோடு போய்விட்டாள். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அரியர் என்ன தொற்றுநோயா, பக்கத்தில் உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்ள?

என்ன பண்ணிட்டேன் அவளுக்கு நான் — கஷ்டமா இருக்குது. ரொம்ப.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

தனியாகப் படித்தேன், சிரிக்காமல். ஒன்றும் ஏறவில்லை. அம்மாவுக்கு ரொம்பத் திருப்தி.

செப்டம்பர் 4, வியாழன்

மாதிரித் தேர்வு மார்க் வந்தது. மருந்தியலில் நான் மறுபடி ஃபெயில். அது செய்தியே இல்லை. சிவசங்கரி எல்லாப் பாடத்திலும் தட்டுத்தடுமாறித்தான் பாஸ். மேடம் அவளைக் கூப்பிட்டு, சரியாகத் தூங்குகிறாயா என்று கேட்டார். ஆராய்ச்சியில் அந்தக் கட்டம் இருக்கிறதல்லவா.

சாயங்காலம் மாடிப்படி ஓரம் நின்று அழுதுகொண்டிருந்தாள். கண்டுகொள்ளாமல் போய்விட நினைத்தேன். முடியவில்லை.

"உனக்குச் சொல்லிக்குடுத்தாதான்டி எனக்கே புரியும்" என்றாள்.

அப்புறம் ஏன்டி பேசல?

"எங்கம்மா கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டிடுச்சு. அரியர் வெச்ச பொண்ணு சகவாசம் வுட்டுப்போவணும்னு. பேசினா சாமிக் குத்தமாயிடும்னு சத்தியம் வாங்கிடுச்சு."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. எங்கம்மா உன் மேல கட்டியிருக்குதுடி என்றேன். சாமி பாவம், கேட்ட இரண்டு பேருக்கும் கேட்டதைக் கொடுத்துவிட்டது.

செப்டம்பர் 5, வெள்ளி

அம்மாவிடம் மார்க்கைச் சொன்னேன், அவளுடையதையும் சேர்த்து. திட்டக்குடிப் பிராதையும் சொன்னேன்.

"நீதான் போனையே தொடலியே" என்றாள்.

"அதனாலதாம்மா."

வெகுநேரம் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் உருவி முடித்துவிட்டு, "வாபஸ் வாங்கணும்னா நேர்லதான் போவணும். திங்கக்கெழம போயிட்டு வரேன்" என்றாள்.

செப்டம்பர் 8, திங்கள்

கோயிலில் அம்மாவுக்கு முன்னால் ஒருத்தர் வாபஸ் வாங்க நின்றிருக்கிறார். அம்மா பேச்சுக் கொடுத்திருக்கிறாள்.

"ஒரு நல்லூர்ப் பொண்ணால எம்பொண்ணு கெட்டுப்போவுதுன்னு கட்டினங்க. இப்ப அது இல்லாம கெட்டுப்போவுது" என்றாராம் அவர்.

"அந்த நல்லூர்ப் பொண்ணு எம்பொண்ணுதாங்க" என்றாளாம் அம்மா.

அடிதடி நடக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் இருவரும் டீ குடித்திருக்கிறார்கள். அவர் பெயர் காசியம்மாளாம். ரொம்பத் தங்கமான மனுஷியாம்.

போன் என் கைக்கு வந்தது.

செப்டம்பர் 25, வியாழன்

மருந்தியல் எழுதினேன். தாத்தா கேள்வித்தாளில் வந்திருந்தார்.

நவம்பர் 11, செவ்வாய்

பாஸ். சிவசங்கரி பழையபடி முதல். எதனால் தேறினாய் என்று மேடம் கேட்டார். சிவசங்கரி என்றேன். அப்படி ஒரு கட்டம் இல்லையாம், நேரத்தைத் திட்டமிடுதல் என்று எழுதிக்கொண்டார். அம்மா கணக்கில் கொளஞ்சியப்பர்.

அம்மாவுக்கு ஒரு வாரமாகக் கால் வீக்கம். டாக்டர் கொடுத்தது நம் தாத்தாவின் மாத்திரையேதான். காலையில் போடும்மா என்று தினமும் சொல்கிறேன். வேலைக்குப் போகிற நேரத்தில் என்ன மாத்திரை என்று ராத்திரி போட்டுக்கொண்டு, விடிய விடிய எழுந்து நடக்கிறாள்.

எங்கள் படிப்பு நேரத்தில் இப்போதெல்லாம் போன் அவளிடம்தான். அந்தப் பக்கம் காசியம்மாள். இருவரும் சிரிக்கிற சிரிப்பில் சோறு தீய்ந்தாலும் தெரியாது. போன வாரம் காசியம்மாள் தன் சர்க்கரை மாத்திரையைப் பற்றி என்னிடம் கேட்டுத்தான் போட்டுக்கொண்டார். வீட்டிலேயே முதல் மார்க்காரி இருக்கிறாள், ஆனால் பெற்ற பெண் சொன்னால் நம்பிக்கை வருவதில்லையாம்.

இன்று அம்மா போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஏன்டி, மாத்திரயக் காலையிலதான் போடணுமாம். சிவசங்கரி சொல்லிச்சு. அதுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்குது பாரு."

சரிம்மா என்றேன். மாத்திரை அட்டையை எடுத்து, காலையில் அவள் டீ குடிக்கிற டம்ளர் பக்கத்தில் வைத்தேன்.