பயத்துக்குப் பின்னால் வந்த நியாயங்கள்

கொட்டாஞ்சேனை
9 ஜூன் 2024

அன்புள்ள சாமினிக்கு,

போனில் கதைத்தால் இருவருமே கத்துகிறோம். அதனால் எழுதுகிறேன். அக்கா வீடு உமக்கும் பிள்ளைக்கும் வசதியாக இருக்கிறதா?

ஷெரினை நேர்முகப் பரீட்சைக்குப் போகவிடாமல் நான் கதவைப் பூட்டியது பெரிய பிழை என்கிறீர். கொஞ்சம் யோசித்துப் பாரும். அன்று என்ன மழை! ஆமர் வீதியில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். மின்கம்பி அறுந்து கிடப்பதாகப் பக்கத்து வீட்டு மனுசி யோசெப்பின் வேறு சொன்னா. அந்த நிலைமையில் மருதானை வரைக்கும் பிள்ளையைத் தனியாக எந்தத் தகப்பன் அனுப்புவான்? வேலை போனால் இன்னொன்று வரும். பிள்ளை வருமா?

இதில் எது பிழை? எழுதும்.

ஹியூபேட்

வெள்ளவத்தை
16 ஜூன் 2024

அன்புள்ள ஷெரினின் டடாவுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று யோசெப்பின் அக்கா சொல்லித்தான் நான் அறியவேண்டியிருக்கிறது.

நீங்கள் எழுதியதில் ஒன்றும் பிழையில்லை. எல்லா நியாயமும் சரி. ஆனால் முந்தி இதே தண்ணீருக்குள்ளால் அவளைச் சைக்கிளில் வைத்துச் சிரித்துச் சிரித்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோனவர் யார்? துறைமுகத்தில் நீங்கள் இயக்கிய கிரேனிலிருந்து கொள்கலன் விழுந்து, உங்களோடு வேலைசெய்த பீற்றர் அண்ணனின் கால் போன பிறகுதான் மழையும் தெருவும் உங்களுக்குப் பகையாயின. வடம் அறுந்ததுக்கு நீங்கள் பொறுப்பில்லை என்று விசாரணையிலேயே சொல்லிவிட்டார்கள். மனம் கேட்டால்தானே! பயம் முதலில் வருகிறது. நியாயங்களைப் பிறகுதான் தேடிப் பிடிக்கிறீர்கள்.

என்னையும் சொல்லவேண்டும். இங்கே வந்ததிலிருந்து உங்கள் பிழைகள் மட்டுமே ஞாபகம் வருகின்றன. நான் டெங்குக் காய்ச்சலில் கிடந்தபோது வேலைக்கும் போகாமல் கஞ்சி வைத்துத் தந்தீர்களே, அதைக்கூட, "அது சனத்துக்குக் காட்டச் செய்தது" என்று நேற்று அக்காவிடம் சொன்னேன். சொன்ன வாய் மூடமுன்னமே வெட்கமாகிவிட்டது. கோபத்தில் இருக்கிறவளின் யோசனையும் நேராக இல்லை.

பீற்றர் அண்ணனை ஒருதடவையாவது போய்ப் பார்த்தீர்களா?

சாமினி

கொட்டாஞ்சேனை
30 ஜூன் 2024

அன்பான சாமினி,

உம்முடைய கடிதத்தைக் கிழித்துப்போடத்தான் நினைத்தேன். ஆத்திரம் அடங்கி வாசித்தபோது அதே சொற்கள் வேறு மாதிரி இருந்தன.

நேற்றுப் பீற்றரிடம் போனேன். வாசலில் நிற்கும்போதே நெஞ்சு இறுகியது. உடனே மூளை நியாயம் சொல்லத் தொடங்கியது. அவன் நித்திரையாக இருப்பான், எழுப்பினால் அவனுக்குக் கரைச்சல், இன்னொரு நாள் பார்க்கலாம். நீர் சொன்னது அப்போதுதான் பிடிபட்டது. இறுகின நெஞ்சோடேயே தட்டினேன்.

ஊன்றுகோலோடு வந்து திறந்தான்.

"ஏன்டா இவ்வளவு நாளும் வரேல்லை?"

"உன்ர முகத்தைப் பார்க்கப் பயமா இருந்தது மச்சான்."

"நான் என்ன நினைச்சன் தெரியுமா? வடம்தான் அறுந்தது எண்டு சொல்லேக்க நம்பினனான். நீ எட்டியும் பார்க்கேல்லை எண்ட பிறகு, இவன்தான் ஏதோ பிழை விட்டிருக்கிறான், அதான் ஒளிக்கிறான் எண்டு யோசிக்கத் தொடங்கிட்டன். கால் போனதைவிட அதுதான் என்னைத் திண்டது."

இருவரும் அழுதோம். அவன்ர மனுசி பிளேன்டீக் கோப்பைகளை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டா.

பயம் போய்விட்டது என்று எழுதினால் பொய். இன்று காலையும் வானம் கறுத்தது, நெஞ்சு இறுகியது. ஆனால் நெஞ்சு சொல்வதையெல்லாம் அப்படியே நம்பவேண்டியதில்லை என்று இப்போது தெரிகிறது.

ஷெரினிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும். எழுதினால் வாசிப்பாளா?

உம்முடைய ஹியூபேட்

வெள்ளவத்தை
7 ஜூலை 2024

அன்புள்ள ஷெரினின் டடாவுக்கு,

உங்கள் கடிதத்தை அவளிடமே கொடுத்தேன். வாசித்துவிட்டு, "டடா நேர வந்து சொல்லட்டும்" என்றாள். குரலில் கோபம்தான். ஆனால் கடிதத்தைத் திருப்பித் தரவில்லை.

இரத்மலானையில் ஒரு கம்பனி அவளை நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை. அன்று மழை வருமாம். அவள் தனியாகத்தான் ரயிலில் போவாள். நீங்கள் கூடப் போகவேண்டாம், ஸ்டேசனில் போய் நிற்கவும் வேண்டாம்.

நேரே இங்கே வாருங்கள். அவள் வெளிக்கிடமுன்னம் சொல்லவேண்டியதைச் சொல்லுங்கள். நாங்கள் வீட்டுக்குத் திரும்பி வருவதைப் பற்றி இப்போது என்னிடம் கேட்காதீர்கள். உங்கள் கடிதத்தை வாசித்து அழுத சூட்டோடு முடிவெடுக்க நான் விரும்பவில்லை.

அவள் போன பிறகு நாங்கள் இருவரும் அக்காவின் குசினியில், அடுப்படியோடு இருப்போம். அவளுக்குப் போன் எடுக்கக் கூடாது. எனக்கும் பயம்தான். சொன்னால் உங்கள் பயம் கூடிவிடும் என்றுதான் இவ்வளவு காலமும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை, அவள் வந்து சேரும்வரை, இரண்டு பேரும் சேர்ந்தே பயந்துகொண்டிருப்போம்.

உங்கள் சாமினி